வெட்டாத படம்

அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்களையும் அவர்கள் இருந்த இடங்களையும் முதலில் எழுதிவிடுகிறேன். பொதுநோக்கு மண்டபத்தின் மேற்குப் பக்கம், கூரைத் தகடு ஒழுகாத இடத்தில் மேசை. மேசைக்குப் பின்னால் எங்கள் கமக்கார அமைப்பின் தலைவர் ஏரம்பு. அவருக்கு வலப்பக்கக் கதிரையில் செயலாளராகிய நான். எங்களுக்கு நேரே, ஒரு கால் உடைந்து கல்லுக் கொடுத்து நிறுத்திய வாங்கில், ஆட்டோ ஓடும் சுகிர்தன். கலியாண வீட்டுக்கும் சாமத்தியச் சடங்குக்கும் வீடியோ பிடிக்கிறவன் என்பதால் அவனைக் கட்டாயம் வரச்சொல்லியிருந்தோம். பின்னால் சுவரோடு சாய்ந்தபடி, வயல் செய்கிற ஏழெட்டுக் கமக்காரர். விமலேஸ்வரி உள்ளே வரவில்லை. புருசன் செத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இன்னும் முடியாத துடக்கு வீட்டுக்காரி. மண்டபத்துக்குள் சரசுவதி படம் மாட்டியிருந்தது. ஆகவே வாசலுக்கு வெளியே, செருப்புகள் கழற்றிக் கிடந்த படிக்குப் பக்கத்தில் பாய் விரித்து, அவளும் அவளுடைய மூத்தவள் யதுர்ஷிகாவும் இருந்தார்கள்.

எடுக்க இருந்த விடயம் ஒன்றுதான். விமலேஸ்வரியின் தம்பி கிருசாந்தன் கனடாவிலிருந்து அத்தானின் அந்தியேட்டிக்கு வருகிறான். வரும்போது அமைப்புக்கு ஒரு கமரா கொண்டுவந்து தருவதாகச் சொல்லி, இரண்டு கமராக்களின் படங்களையும் விவரங்களையும் என் கைத்தொலைபேசிக்கு அனுப்பியிருந்தான். ஒன்று டி.எஸ்.எல்.ஆர். என்கிற பெரிய கமரா. அந்த இனத்தில் புதிதாகப் பழகுகிறவர்கள் வாங்குவது. மற்றது சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்னக் கமரா. இரண்டில் எது என்று அமைப்புத் தீர்மானித்துச் சொல்லவேண்டும் என்று கேட்டிருந்தான்.

கமக்காரருக்குக் கமரா எதற்கு என்று வாசிக்கிறவர்கள் கேட்கலாம். விமலேஸ்வரியின் புருசன் புவனேந்திரனை ஆடி மாதம் யானை கொன்றது. விடியற்புறம் வாழைத் தோட்டத்துக்குள் சத்தம் கேட்டு ரோச் லைட்டோடு போன மனிதன் திரும்பி வரவில்லை. கொன்றது எது என்று ஊருக்குத் தெரியும். தந்தமில்லாத பெரிய அலியன். இடது காது கீழ்ப்பக்கம் கிழிந்து தொங்கும். செத்தவீடு முடிந்த பிறகும் அது அந்த வளவை விடவில்லை. இரண்டு தரம் வந்து குசினிச் சுவரை இடித்தது. விமலேஸ்வரி இரண்டு பெண்பிள்ளைகளையும் கொண்டு இரவில் அயல் வீட்டில் படுத்து, பகலில் வந்து இடிந்த சுவருக்குள் உலை வைத்தாள். ஐப்பசி மழைக்கு முதல் அவள் காலபோக நெல்லை விதைத்தாக வேண்டும். காணி அனுமதிப்பத்திரம் புவனேந்திரனின் பெயரில் இருந்தது. விதைக்காமல் கிடக்கிற காணியை ஆரும் கேட்டு எழுதலாம். எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்டு எழுதியும் இருக்கிறார்கள். வடமராட்சியிலிருந்து எங்கள் தகப்பன்மார் வந்து காடு வெட்டிய குளத்துக்குக் கீழே உள்ள அந்தத் துண்டை விட்டால் அவளுக்கு இருக்க வேறு இடமில்லை. யானை போகவேண்டும், இல்லையென்றால் அவள் போகவேண்டும்.

நான் ஒட்டுசுட்டானில் சாதாரணதரம் மட்டும் படித்தவன். ஆனாலும் ஊரில் அரச அலுவலகங்களுக்குப் போகும் கடிதங்கள் என் கையால்தான் போகும். யானையைப் பிடித்து அப்புறப்படுத்தும்படி வனசீவராசிகள் அலுவலகத்துக்கு எழுதினேன். மறுமொழி வந்தது. எங்கள் குளத்தைச் சுற்றி ஆண் யானைகள் நாலைந்து நிற்கின்றன, இன்ன யானை என்று அடையாளம் தெரியாமல் ஒன்றைப் பிடிக்க முடியாது, காது தெளிவாகத் தெரியும்படி படம் இருந்தால் அனுப்புக என்று எழுதியிருந்தார்கள். அது நியாயமான கேள்விதான். சுகிர்தன் தன் தொலைபேசியால் எடுத்தான். பெரிதாக்கிப் பார்த்தால் யானை தோசை மாவைக் கரைத்து ஊற்றியது மாதிரி இருந்தது. காது எங்கே, காடு எங்கே என்று தெரியவில்லை.

அதனால்தான் கமரா.

கூட்டத்தில் நான் ஒரு தாளை நடுவில் கோடு கீறி, இந்தப் பக்கம் பெரியது, அந்தப் பக்கம் சின்னது என்று பிரித்து எழுதி வைத்திருந்தேன். பாரம், பற்றரி, விலை, தூரம். தூரம் என்ற இடத்தில் சின்னதுக்கு முப்பது என்றும், பெரியதுக்குப் பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து என்றும் கிருசாந்தன் அனுப்பிய விவரத்தில் இருந்தபடியே எழுதினேன். ஐம்பத்தைந்து முப்பதை விடக் கூட என்பதில் அங்கே எவருக்கும் சந்தேகம் வரவில்லை. சுகிர்தன் மட்டும் தலையைச் சொறிந்தான். அவன் வீடியோ எடுப்பது மணவறைக்கு முன்னால் நின்று, தூரம் அவனுக்குத் தேவைப்பட்டதில்லை.

ஏரம்பு பெரியதன் பக்கம் நின்றார். சின்னதைப் பார்த்தால் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது, அதில் எடுத்த படத்தை எந்தக் கந்தோரில் மதிப்பார்கள் என்று கேட்டார். கலியாண வீட்டுக்குப் பெரிய கமராவோடு வந்தவனுக்குத்தான் முதல் பந்தியில் சாப்பாடு என்பதையும் எடுத்துச் சொன்னார்.

வெளியிலிருந்து விமலேஸ்வரியின் குரல் வந்தது.

“யானை பாத்து மதிக்குமோ தலைவர்?”

சுவரோரம் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் தொடர்ந்து, சின்னது என்றால் மடிக்குள் செருகிக்கொண்டு மரத்தில் ஏறலாம், ஓடவேண்டி வந்தாலும் கை இரண்டும் சும்மா இருக்கும், சின்னதைக் கேளுங்கள் என்றாள்.  துடக்கோடு வெளியில் இருப்பவளின் பேச்சைத் தீர்மானத்தில் எடுக்கலாமா என்று ஏரம்பு என்னைப் பார்த்தார். கூட்டத்துக்குள் இருப்பவர்களின் கருத்தைத்தான் எழுதுவது வழக்கம் என்றேன். அப்படியே பெரிய கமரா என்று தீர்மானமாயிற்று. நான் இலக்கமிட்டு, ஏரம்புவிடம் கையெழுத்து வாங்கி, படம் பிடித்துக் கிருசாந்தனுக்கு அனுப்பினேன்.

கூட்டம் முடிந்து போகும்போது அவளுடைய வளவைத் தாண்டித்தான் போனேன். வேலியோரம் புவனேந்திரன் போட்டிருந்த பூசணிக் கொடி முழுவதையும் அவள் வேரோடு பிடுங்கி எரித்திருந்தாள். காய் பிடித்த கொடி. துக்கத்தில் செய்கிறாள் என்று நினைத்தேன். வாழைகளுக்கு நடுவே சப்பித் துப்பிய நார் உருண்டைகள் கிடந்தன. கால் தட்டி உருண்ட ஒன்றைப் பார்த்தேன். காய்ந்து கறுத்திருந்தது. யானை வாழை தின்றால் இப்படித் துப்பாதே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

கிருசாந்தன் வந்தான். அந்தியேட்டி முடிந்து, சாப்பிட்டவர்கள் கை கழுவிக்கொண்டு நிற்கையில், பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் தந்தான். தந்துவிட்டுத் தயங்கினான்.

“அண்ணை, நீங்கள் கேட்டதுதான் இது. ஆனா தூரத்தில நிக்கிறதை எடுக்கிறதெண்டா இதுக்கு வேற லென்ஸ் வாங்கிப் பூட்டவேணும்.”

“ஐம்பத்தைஞ்சு எண்டு போட்டிருந்ததே தம்பி?”

“அது மில்லிமீற்றர் அண்ணை. மடங்கெண்டு பாத்தா மூண்டுதான். சின்னதுதான் முப்பது மடங்கு இழுக்கும்.”

அப்படியென்றால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். அமைப்பின் தீர்மானம் என்று இலக்கம் போட்டுக் கையெழுத்தும் வைத்து அனுப்பினால், தான் எப்படிக் குறுக்கே கதைப்பது என்று கேட்டான். தலைவருக்குக் கோபம் வரும் என்றும் பயந்திருக்கிறான். கோப்பைகளை அடுக்கிக்கொண்டு போன விமலேஸ்வரி நின்றாள்.

“நான் சின்னது எண்டனான். வெளியில இருந்து சொன்னபடியால் உங்கட எழுத்தில விழேல்லயாக்கும்.”

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கோப்பைகளோடு கிணற்றடிக்குப் போனாள்.

கிருசாந்தன் இரண்டு நாளில் திரும்பிப் போய்விட்டான். அவன் மருமகளுக்குக் கொண்டுவந்த மடிக்கணினியும் எங்களுக்குக் கொண்டுவந்த கமராவும் இங்கே நின்றன. இருக்கிறதை வைத்துச் செய்வோம் என்றார் ஏரம்பு. வேறு லென்ஸ் எடுக்க ஆள் இல்லை, ஆவணியும் கழியப் போகிறது.

குளத்து அணைக்கட்டின் வால்பக்கம், விமலேஸ்வரியின் வயல் முடிகிற இடத்தில், மருதமரத்தில் காவல் பரண் ஒன்று இருக்கிறது. மைம்மலில் அந்த அலியன் அங்கேதான் தண்ணீருக்கு வரும். ஏரம்பு, சுகிர்தன், நான் மூவரும் பின்னேரமே ஏறி இருந்தோம். ஏரம்புவின் மடியில், சத்தத்தால் யானையைக் கலைக்கிற யானை வெடிகள் இருந்தன. வெளிச்சம் மங்கத் தொடங்குகிற நேரம் அது வந்தது. காட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் வரைக்கும் வருவதற்கு அவ்வளவு நேரம் எடுக்கிற யானையை நான் அதுவரை கண்டதில்லை. நாலடி வைக்கும், நிற்கும். இடுப்பு எலும்பு தோலுக்குள் முட்டிக்கொண்டு நின்றது. தண்ணீரில் இறங்கித் தலையைத் தாழ்த்தி வாயைத் தண்ணீருக்குள் வைத்தபடியே நின்றது. குடிப்பதாகத் தெரியவில்லை.

சுகிர்தன் கமராவின் முன்குழாயைத் திருகினான். அதற்கு மேல் திரும்பாது என்ற இடம் வரைக்கும் திருகிவிட்டு ஒரு படம் எடுத்து எங்களுக்குக் காட்டினான். குளம் அழகாக வந்திருந்தது. மருத இலை ஒவ்வொன்றும் எண்ணலாம். யானை ஒரு புளியங்கொட்டை அளவில் நின்றது.

“கலியாணப் பிள்ளையள் கிட்ட நிண்டு சிரிக்கும்,” என்றான் சுகிர்தன். “இது வருமோ?”

ஏரம்பு நாளைக்குப் பார்ப்போம் என்றார். நாளைக்கு மட்டும் இது நீளுமோ தலைவர் என்று அவன் கமராவைக் காட்டிக் கேட்டான். பிறகு செருப்பைக் கழற்றிப் பரணில் வைத்துவிட்டு இறங்கினான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன் என்று எழுத விருப்பம்தான். பிடிக்கவில்லை. அணைக்கட்டின் மறுபக்கச் சரிவால் குனிந்து போனான். அவனுடைய முதுகு ஒரு பற்றைக்கும் அடுத்த பற்றைக்கும் நடுவில் தெரிந்து தெரிந்து மறைந்தது. ஏரம்பு வெடியொன்றைக் கையில் எடுத்து, நெருப்புப் பெட்டியையும் திறந்து வைத்துக்கொண்டார். திறந்த வேகத்தில் குச்சிகளில் பாதி பரணுக்குக் கீழே கொட்டின.

சுகிர்தன் அணைக்கட்டில் தலையை உயர்த்தியபோது அதற்கும் அவனுக்கும் இடையில் ஒரு வீட்டு முற்றம் அளவுதான் இருந்தது. யானை தண்ணீரிலிருந்து தலையை எடுத்து அவனைப் பார்த்தது. காதை விரித்தது. கமராவின் சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. அவன் நின்றான், அதுவும் நின்றது. அது துரத்தவில்லை. திரும்பவும் வாயைத் தண்ணீருக்குள் வைத்தது.

அவன் வந்து பரணுக்குக் கீழே இருந்து சத்தி எடுத்தான். பயத்தில் என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன்.

“பயமில்லை செயலாளர்,” என்றான். “மணக்குது. செத்த மாடு மாதிரி மணக்குது.”

படத்தை விமலேஸ்வரியின் விறாந்தையில் வைத்துத்தான் பார்த்தோம். அந்தியேட்டி முடிந்தபடியால் அவள் நடுவில் இருந்தாள். யதுர்ஷிகா கமராவிலிருந்த அட்டையை மடிக்கணினியில் செருகினாள். திரை நிறைய யானையின் தலை வந்தது. இடது காதும், அதன் கிழிசலும், கிழிசலின் ஓரத்தில் ஒட்டியிருந்த இலையும் தெரிந்தன. அதற்குக் கீழே ஒருவரும் பார்க்கவில்லை. ஏரம்பு இரண்டு கையையும் தட்டினார். காது வந்திட்டுது, இனி ஒரு கந்தோரும் ஒன்றும் சொல்லேலாது, பெரிய கமரா பெரிய கமராதான் என்றார். யதுர்ஷிகா காதை இன்னும் பெரிதாக்கிக் காட்டுவதற்காகப் படத்தை இழுத்தாள். இழுத்த வேகத்தில் காது திரையை விட்டு மேலே போய், வாய் வந்து நின்றது.

கீழ்த்தாடையின் ஒரு பக்கம் இல்லை. நாக்கு வீங்கி, இருந்த இடத்தில் பிடிக்காமல் வெளியே தள்ளிக் கிடந்தது. புண்ணில் வெள்ளையாக எதுவோ நெளிவது போலிருந்தது. படத்தில் எதுவும் நெளியாது. ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் விடியற்புறம் இந்த வளவுப் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. ஊர் முழுக்கக் கேட்டது. யாரோ யானை வெடி போட்டதாகப் பேசிக்கொண்டோம். யானை வெடி என்றால் அடுத்தடுத்து இரண்டு மூன்று கேட்கும். அன்றைக்கு ஒன்றுதான் கேட்டது. பன்றிக்கு வைக்கிற வெடியைப் பூசணித் துண்டுக்குள் வைப்பார்கள் என்பதும், அதைக் கடித்தால் தாடையோடு போகும் என்பதும் அந்த விறாந்தையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பன்றி அந்த வருசம் மரவள்ளியை உழுது எறிந்திருந்தது. பூசணி போட்டிருந்தது அந்தப் பக்கத்தில் ஒருத்தன்தான்.

 விமலேஸ்வரி எழும்பி இடிந்த குசினிக்குள் போனாள். அங்கே அவள் ஒன்றும் செய்யும் சத்தம் வரவில்லை.

ஏரம்பு யதுர்ஷிகாவின் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, காதை மட்டும் வெட்டி எடு. அவை கேட்டது காதுதானே. வாயை ஒருத்தரும் கேக்கேல்ல.”

அவர் கெட்ட மனிதர் அல்ல. வெடி வைத்ததற்கு வழக்கு வரும், பொலிஸ் வரும். புவனேந்திரனின் சாவுக்கு நட்டஈடு கேட்டு நான் எழுதிய கோப்பும் அதே அலுவலகத்தில்தான் கிடந்தது. விலங்குக்கு வெடி வைத்த வீட்டுக்கு அது கிடையாது என்று ஆரோ சொல்லிக் கேள்வி. இத்தனையையும் அவர் மூன்று வசனத்தில் அடக்கிவிட்டார். யதுர்ஷிகா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பிள்ளை விரலால் நாலு பக்கமும் இழுத்து, காதும் கிழிசலும் இலையும் மட்டும் மிஞ்சும்படி வெட்டினாள். வெட்டிய பிறகு பார்த்தால் எந்த நோவும் இல்லாத யானையின் காதுதான் அது.

இரவே கடிதத்தை எழுதி முடித்தேன். மேற்படி யானையின் இடது காதின் தெளிவான படம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது, ஐப்பசி விதைப்புக்கு முன் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஏரம்புவின் கையெழுத்து, என் கையெழுத்து, அமைப்பின் முத்திரை. காலையில் சுகிர்தன் புதுக்குடியிருப்பில் படத்தை அச்சடித்து வாங்கி வந்து தந்தான். வழமையாக இரண்டு கதை கதைக்காமல் போகாதவன், ஆட்டோவை நிற்பாட்டாமலே நீட்டிவிட்டுப் போனான்.

உறைக்குப் பசை எடுத்தபோது வாசலில் விமலேஸ்வரி நின்றாள்.

“ஒட்டியாச்சோ அண்ணை?”

“இல்லைத் தங்கச்சி. உள்ள வா.”

வந்து கதிரையில் இருந்தாள். மடியிலிருந்து ஒரு கடதாசி உறையை எடுத்து மேசையில் வைத்தாள். முழுப் படம். அதையும் அடிக்கச் சொல்லிச் சுகிர்தனிடம் அவள்தான் சொல்லிவிட்டிருக்கிறாள்.

“இதையும் வையுங்கோ.”

நான் பசைப் போத்தலை மூடினேன். என் பழக்கம் எதையும் ஒழுங்காகச் சொல்வது. முதலாவது நட்டஈட்டுக் கோப்பு, இரண்டாவது பொலிஸ் விசாரணை, மூன்றாவது காணியைப் பெயர் மாற்றும்போது இது குறுக்கே வருமா வராதா என்பது, நாலாவது ஊர்க்கதை, இரண்டு பெண்பிள்ளைகள் என்று வரிசையாகச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

“அவர் பன்றிக்குத்தான் வைச்சவர்,” என்றாள்.

“தெரியும்.”

“தெரியுமெண்டா ஏன் அண்ணை ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்ல?”

 பசைப் போத்தலின் மூடியைத் திரும்பவும் இறுக்கினேன்.

அவள் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டு பேசினாள். குரல் ஏறவில்லை, இறங்கவுமில்லை. “காதை மட்டும் கண்டா, அவை வந்து வெடி போட்டுக் கலைப்பினம். இல்லாட்டி, ஏத்திக்கொண்டு போக ஆள் தேடி, லொறி தேடி, நாள் பாப்பினம். அதுவரைக்கும் இது எங்க நிக்கும்? கொப்பு முறிச்சுத் தின்னேலாது, வைக்கோல் சப்பேலாது. எங்கட வாழைக்குருத்தும் குசினிக்குள்ள இருக்கிற அரிசியும்தான் அதுக்குத் தோது. கலைச்சால் போய் நிக்கத் தூரம் நடக்கவும் சத்தில்லை. திரும்ப எங்கட படலைக்குத்தான் வரும். வாயைக் கண்டா மருந்துக்காரர் வருவார். வந்து சுகமாக்குவாரோ, முடிச்சு வைப்பாரோ, ரண்டிலொண்டு நடக்கும்.”

நட்டஈடு கிடைத்தால் பிள்ளைகளின் படிப்புக்கு ஆகுமே என்றேன்.

“காசு வந்தா எந்தக் காணியில இருந்து சாப்பிடுறது? நான் விதைக்கவேணும் அண்ணை.”

 நான் எழும்பித் தண்ணீர் எடுத்து வந்தேன். அவள் குடிக்கவில்லை.

“அண்டைக்கு விடியப்புறம் நான் அவருக்குப் பின்னால போனனான். ஒருத்தருக்கும் சொல்லேல்ல. அது அவரை மிதிக்கேல்ல. தும்பிக்கையால ஒரு தள்ளு. வாழைக்கும் அதுக்கும் நடுவில நிண்டிட்டார், அவ்வளவுதான். அவர் விழுந்து கிடக்க, அது பக்கத்தில நிண்டு குருத்தைச் சப்பிப் பாத்துத் துப்பிக்கொண்டு நிண்டது. ஏன் துப்புது, ஏன் துப்புது எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். அப்பதான் வாயைக் கண்டனான்.”

என்ன எழுதவேண்டும் என்று கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். கடிதத்தை மாற்றவில்லை. அதில் தலைவரின் கையெழுத்து இருந்தது, அவரைக் கேளாமல் ஒரு சொல்லும் கூட்டக்கூடாது. தனித்தாள் எடுத்தேன். ‘இந்த யானையின் வாய் பன்றிக்கு வைத்த வெடியால் சிதைந்துள்ளது. வெடியை வைத்தவர் காலஞ்சென்ற என் கணவர் புவனேந்திரன். அதை வைத்தது எனக்குத் தெரியும். யானை எதுவும் உண்ண முடியாமல் எங்கள் காணியில் நிற்கிறது. விலங்கு வைத்தியரை உடனே அனுப்பவும்.’ பணிவுடன் என்று நான் சேர்க்கப் போனேன். வேண்டாம், இடம் காணாது, கையெழுத்து வைக்கவேணும் என்றாள். இடம் இருந்தது. ஆனாலும் சேர்க்கவில்லை.

“அதை வைத்தது எனக்குத் தெரியும் எண்ட வரி தேவையோ தங்கச்சி? அதை விட்டாலும் விசயம் விளங்கும்.”

“பிறகு வந்து கேப்பினம். கேட்டா நான் ஓம் எண்டுதான் சொல்லுவன். இப்பவே இருக்கட்டும்.”

முழுப்பெயரையும் எழுத்தெழுத்தாக எழுதிக் கையெழுத்து வைத்தாள். அந்தத் தாளில் முத்திரை குத்தவில்லை. விசாரணை என்று வந்தால் அது அமைப்பைச் சேராது, அவளை மட்டுமே சேரும் என்று விளக்கினேன். அதுதான் சரி என்றாள். காது மட்டும் உள்ள சின்னப் படத்தை என்ன செய்வது என்று கேட்டேன்.

“அதுவும் போகட்டும். எது எண்டு அவைக்குத் தெரியவேணுமே.”

ஆக, கடிதம், காது, முழுப்படம், அவளுடைய தாள் என்று அடுக்கி உறைக்குள் வைத்தேன். பசை பூசி, விளிம்பை நகத்தால் அழுத்தி ஒட்டினேன். ஏரம்புவிடம் நானே போய்ச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் என்ன சொல்லுவார் என்பதும் தெரியும். அடுத்த கூட்டத்தில் வலப்பக்கக் கதிரையில் நான் இருக்கமாட்டேன்.

சுகிர்தன் ஒன்றும் கேட்காமல் எங்கள் இருவரையும் ஒட்டுசுட்டானுக்கு ஏற்றிப் போனான். தபால் கந்தோரில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். எங்கள் முறை வந்தது. பதிவுத் தபால் என்றேன். யன்னலுக்குப் பின்னாலிருந்த பிள்ளை உறையைத் திருப்பிப் பார்த்து, பின்பக்கத்தில் அனுப்புநரின் பெயர் இல்லை, யார் அனுப்புவது என்று கேட்டது. அமைப்பின் விலாசத்தை எழுதத்தான் இடம் விட்டிருந்தேன். பேனையைத் திறந்தேன்.

“நான்தான் அனுப்புறன்,” என்றாள் விமலேஸ்வரி. பேனையை என் கையிலிருந்து வாங்கித் தன் பெயரையும் காணி இலக்கத்தையும் எழுதினாள்.

அந்தப் பிள்ளை நிறுத்துப் பார்த்தது. உள்ளே தடிப்பாக ஏதோ இருக்கிறதே, படமா என்று கேட்டது. ஓம் என்றோம். அப்படியென்றால் மடிக்க வேண்டாம் என்று மேலே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் வழியில் மடித்துக் கட்டிவிடுவார்கள் என்றது. முன்பக்கத்தில், விலாசத்துக்கு மேலே, கொட்டை எழுத்தில் ‘மடிக்க வேண்டாம்’ என்று எழுதினேன். படத்தின் தடிப்பில் முத்திரை முதல் தரம் சரியாகப் பதியவில்லை. பிள்ளை இன்னொரு தரம் குத்தி, பதிவுத் துண்டைக் கிழித்து விமலேஸ்வரியிடம் தந்துவிட்டு, உறையைப் பின்னாலிருந்த சாக்குப் பைக்குள் போட்டது.